'மியூஸ்'னு சொன்னா போதுமா? மோன்பார்னாஸ் கிகியின் கதை

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. போன் கையில இருந்தா 'மேன் ரே, வயலின்'னு தேடிப் பாருங்க. முதல்ல வர்ற படத்தை நீங்க ஏற்கனவே எங்கயாவது பார்த்திருப்பீங்க. ஏதாவது ஒரு கஃபே சுவர்ல, போஸ்டர்ல, டி-ஷர்ட்ல, இல்லைன்னா யாரோ ஒருத்தர் முதுகுல டாட்டூவா.

ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்காங்க. தலையில துணி சுத்தியிருக்கு. முகம் லேசா ஒரு பக்கம் திரும்பியிருக்கு. கைகள் தெரியல. முதுகுல, இடுப்புக்குக் கொஞ்சம் மேல, வயலின்ல இருக்குமே அந்த மாதிரி வளைஞ்ச ரெண்டு துளைகள். பார்த்த உடனே அந்த உடம்பு ஒரு இசைக்கருவியா மாறிடுது.

படம் எடுத்த வருஷம் 1924. அதோட ஆரம்ப காலப் பிரதி ஒண்ணு 2022 மே மாசம் நியூயார்க்ல கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தப்போ 1 கோடியே 24 லட்சம் டாலருக்குப் போச்சு. நம்ம பணத்துல 90 கோடி ரூபாய்க்கு மேல. அதுவரைக்கும் எந்த போட்டோவும் ஏலத்துல அவ்வளவு விலைக்குப் போனதில்ல.

எடுத்தவர் பேரு மேன் ரே. கலை வரலாறு படிக்காதவங்களுக்குக்கூட அந்தப் பேரு தெரிஞ்சிருக்கலாம். அந்த முதுகு யாரோடது? இந்தக் கேள்விக்கு வழக்கமா வர்ற பதில், "அவரோட மியூஸ்." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஒரு முழு வாழ்க்கை மடிஞ்சு போயிருக்கு. இன்னைக்கு அதைப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

மியூஸ்னா என்ன?

இந்த வார்த்தை கிரேக்கத்துல இருந்து வருது. கிரேக்கப் புராணத்துல மியூஸ்னா ஒன்பது தேவதைகள். கடவுள் ஸீயஸுக்கும், நினைவுக்கான தெய்வமான நெமோஸினிக்கும் பிறந்த பொண்ணுங்க. காவியம், வரலாறு, நடனம், வானியல்னு ஒவ்வொருத்தங்களுக்கும் ஒரு துறை.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. கிரேக்கக் கவிஞனுக்கு மியூஸ்தான் எல்லாம் தெரிஞ்சவ. அவதான் பாடுவா, அவன் கேட்டு எழுதிப்பான். காவியம் ஆரம்பிக்கறப்பவே "நீ பாடு"ன்னு அவகிட்ட கேட்டுத்தான் ஆரம்பிப்பான். நம்ம ஊர்ல எழுத உட்கார்றதுக்கு முன்னாடி சரஸ்வதியைக் கூப்பிடற மாதிரி.

காலப்போக்குல இது அப்படியே தலைகீழாயிடுச்சு. இருபதாம் நூற்றாண்டுக்கு வர்றப்போ மியூஸ்னா அழகா இருக்கற, அசையாம உட்கார்ந்திருக்கற, எதுவும் பேசாத ஒரு பொண்ணு. ஆண் கலைஞன் அவளைப் பார்ப்பான், அவனுக்குள்ள ஏதோ பொறி தட்டும், படைப்பு பிறக்கும். அவ செஞ்சது என்ன? அங்க இருந்தா, அவ்வளவுதான்.

இந்தப் பார்வை எவ்வளவு ஆழமா போயிருந்துச்சுன்னு காட்ட ஒரு உதாரணம். 1929 டிசம்பர்ல சர்ரியலிஸ்டுகள் தங்களோட பத்திரிகையில ஒரு பக்கம் போட்டாங்க. நடுவுல ரெனே மாக்ரித் வரைஞ்ச ஒரு நிர்வாணப் பெண். சுத்தி, சட்டம் போட்ட மாதிரி, 16 பேரோட சின்னச் சின்ன போட்டோ. பிரெத்தோன், தாலி, புனுவேல், அரகோன், இப்படி. எல்லாரும் ஆண்கள், எல்லாரும் கண்ணை மூடியிருக்காங்க. அந்த 16 பேருக்கும் பேரு உண்டு. நடுவுல இருக்கற பொண்ணுக்கு இல்ல. உலகத்தையே புரட்டிப் போடப் போறோம்னு சொன்ன கூட்டம் இது. ஆனா இந்த ஒரு விஷயத்துல பழைய வீடு மாதிரியே இருந்துச்சு.

நம்ம கதாநாயகி இந்தக் கூட்டத்துக்குப் பக்கத்துலயே, இதே தெருக்கள்ல வாழ்ந்தவங்க. ஊர் முழுக்கத் தெரிஞ்ச பேரு அவங்களுக்கு இருந்துச்சு: கிகி.

ஆலிஸ் ப்ரின்

பிறந்தப்போ வச்ச பேரு ஆலிஸ் ப்ரின். 1901 அக்டோபர்ல, பிரான்ஸ்ல பர்கண்டி பகுதியில, ஷாத்தியோன்-சுர்-சேன்ங்கற சின்ன ஊர்ல பிறந்தாங்க. அம்மாவுக்குக் கல்யாணம் ஆகல. அந்தக் காலத்து சின்ன ஊர்ல அது எவ்வளவு பெரிய வசைன்னு நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அம்மா பிழைப்பு தேடி பாரிஸ் போயிட்டாங்க. பாட்டிதான் வளர்த்தாங்க. கடும் வறுமை.

பன்னிரண்டு வயசுல பாரிஸ்ல அம்மாகிட்ட அனுப்பினாங்க. படிப்பு அதோட நின்னுச்சு. தொழிற்சாலை, பேக்கரின்னு கிடைச்ச இடத்துல வேலை. அது முதல் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த காலம்ங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பதினாலு வயசு வாக்குல ஒரு சிற்பிக்கு நிர்வாண மாடலா நின்னாங்க. காரணம் கலை தாகம் இல்ல, காசுதான். விஷயம் தெரிஞ்சு அம்மா பெரிய சண்டை போட்டாங்க. ஆலிஸ் வீட்டை விட்டு வெளிய வந்தாச்சு.

அதுக்கப்புறம் தங்க இடம் தேடி, சாப்பாடு தேடி அவங்க போய்ச் சேர்ந்த இடம்தான் மோன்பார்னாஸ்.

வாடகை கம்மியா இருந்த ஒரு ஏரியா

மோன்பார்னாஸ், பாரிஸ்ல சேன் நதிக்குத் தெற்கே இருக்கற பகுதி. 1910கள்லயும் 20கள்லயும் உலகத்துல இருந்து வந்த கலைஞர்கள் அங்க குவிஞ்சாங்க. இத்தாலியில இருந்து மோதிக்லியானி, இன்னைய பெலாரஸ் பக்கத்துல இருந்து சூடின், போலந்துல இருந்து கிஸ்லிங், ஜப்பான்ல இருந்து ஃபூஜிதா, ஸ்பெயின்ல இருந்து கர்காயோ. போருக்கு அப்புறம் அமெரிக்கர்கள். பிராங்கோட மதிப்பு விழுந்திருந்ததால, கையில கொஞ்சம் டாலர் இருந்தா பாரிஸ்ல நல்லாவே வாழ முடிஞ்சது.

குளிர்காலத்துல இந்தக் கலைஞர்களோட அறைகள்ல சூடு இருக்காது. அதனால எல்லாரும் கஃபேலதான் கிடப்பாங்க. தோம், ரோத்தோந்துன்னு ரெண்டு கஃபே ரொம்பப் பிரபலம். ஒரு காபி வாங்கிட்டு நாள் முழுக்க உட்காரலாம். படம் விக்கறது, கடன் வாங்கறது, சண்டை போடறது, புதுசா ஒரு கலை இயக்கம் ஆரம்பிக்கறது எல்லாம் அங்கதான். இன்னைக்கு நாம சொல்ற 'நெட்வொர்க்கிங்'தான், பசியோட நடந்துச்சு.

அதுலயும் ஒரு படிநிலை இருந்துச்சு. தொப்பி போடாத பொண்ணுங்களை கஃபேயோட உள் பகுதியில உட்கார விட மாட்டாங்க. தொப்பி இல்லைன்னா பாலியல் தொழில் செய்யற பொண்ணுன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. தொப்பி வாங்கக் காசில்லாத கிகிக்கு இது தினசரிப் பிரச்சனை.

இந்த இடத்துலதான் ஆலிஸ், கிகி ஆனாங்க. மோதிக்லியானி, சூடின், கிஸ்லிங், ஃபூஜிதான்னு பல பேருக்கு மாடலா இருந்தாங்க. பின்னாடி 1928ல கர்காயோ அவங்க முகத்தை உலோகத்துல செஞ்சார். அலெக்சாண்டர் கால்டர் அதே முகத்தை வெறும் கம்பியை வளைச்சே உருவாக்கினார்.

உட்கார்றது ஒரு வேலை

மாடலா நிக்கறதுன்னா சும்மா நிக்கறதுன்னுதான் பெரும்பாலும் நினைக்கறோம். இன்னைக்கு அலாரம் வச்சு, கழுத்தை ஒரே கோணத்துல திருப்பி வச்சு, இருபது நிமிஷம் அசையாம உட்கார்ந்து பாருங்க. உடம்பு கெஞ்சும். இதை ஒரு நாளைக்குப் பல மணி நேரம், சூடு இல்லாத அறையில, துணி இல்லாம செய்யணும். அது மட்டும் இல்ல, ஓவியனுக்கு என்ன வேணும்னு புரிஞ்சு, எடையை எந்தக் கால்ல போடறது, எப்படிப் பார்க்கறதுன்னு முடிவு பண்ணணும். நல்ல மாடலுக்கும் சுமாரான மாடலுக்கும் வித்தியாசம் அங்கதான். நடிப்புக்குப் பக்கத்துல இருக்கற திறமை அது.

1922ல ஃபூஜிதா கிகியைப் படுத்திருக்கற மாதிரி ஒரு பெரிய ஓவியம் பண்ணார். பின்னணியில, பூவும் உருவமும் அச்சடிச்ச அந்தக் கால பிரெஞ்சுத் துணித் திரை. அந்த வருஷ இலையுதிர்காலக் கண்காட்சியில அது 8,000 பிராங்குக்கு வித்தது. ஃபூஜிதாவைப் பெரிய ஆளாக்கின படங்கள்ல அது ஒண்ணு.

கிகியைப் பத்தி அவர் சொன்ன இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் தடவை அவர் ஸ்டூடியோவுக்கு வந்தப்போ, கிகி போஸ் கொடுக்கல. நேரா போய் அவரோட இடத்துல உட்கார்ந்து, "அசையாதீங்க"ன்னு சொல்லி, அவரை வரைய ஆரம்பிச்சுட்டாங்க. வரைஞ்சு முடிச்சதும் போஸ் கொடுத்ததுக்கான கூலியையும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. போற வழியில அந்தப் படத்தை ஒரு அமெரிக்கருக்கு நல்ல விலைக்கு வித்தும் விட்டாங்க.

இதை ஒரு ஜோக்காதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா அதுக்குள்ள ஒரு விஷயம் இருக்கு. ஸ்டூடியோங்கற இடத்துல யார் பார்க்கறாங்க, யாரைப் பார்க்கறாங்க, காசு யார்கிட்ட போகுதுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அந்த மூணையும் ஒரே மதியத்துல திருப்பிப் போட்டுட்டாங்க.

மேன் ரே வர்றார்

மேன் ரேவோட உண்மையான பேரு இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி. 1890ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல பிறந்தவர். 1921 ஜூலையில பாரிஸ் வந்து இறங்கினார். தாதா இயக்கக்காரர். மனசுக்குள்ள ஓவியர், சோத்துக்கு போட்டோகிராஃபர்.

அந்த வருஷக் கடைசியில ஒரு கஃபேல கிகியைச் சந்திச்சார். அவர் பின்னாடி எழுதின சுயசரிதைப்படி, அன்னைக்கும் தொப்பிப் பிரச்சனைதான். தொப்பி இல்லைன்னு வெயிட்டர் கிகிக்குப் பரிமாற மாட்டேன்னு சொல்ல, கிகி கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணிக்கிட்டிருந்தாங்க.

போட்டோவுக்கு போஸ் கொடுக்கச் சொன்னப்போ கிகி முதல்ல மறுத்துட்டாங்க. ஓவியன்னா மாத்தி வரையலாம், கேமரா இருக்கறதைத்தான் காட்டும்ங்கறது அவங்க வாதம். நான் ஓவியம் வரையற மாதிரிதான் போட்டோ எடுப்பேன்னு சொல்லி அவர் சம்மதிக்க வச்சார். அந்தப் பதில் பின்னாடி அவரோட முழு வேலைக்கும் விளக்கமா ஆயிடுச்சு. அந்தப் பதிலை வரவழைச்ச கேள்வி கிகியோடது.

அடுத்த சில வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தாங்க. கிகியோட புருவத்தை எடுத்துட்டு, வேற நிறத்துல, வேற வளைவுல மேன் ரே வரைஞ்சு விடுவார். 'கிகியோட முகம்'னு நமக்குத் தெரியறதுல பாதி அந்த மேக்கப்தான். அந்த முகத்தைப் போட்டுக்கிட்டு பார்ல, தெருவுல, மேடையில உயிரோட நடமாட விட்டவங்க கிகி.

1924ல வயலின் படம் வந்துச்சு. அந்த போஸ் ஆங்க்ர்ங்கற பிரெஞ்சு ஓவியர் 1808ல வரைஞ்ச ஒரு குளிக்கும் பெண்ணோட ஓவியத்தை ஞாபகப்படுத்தும். அதுலயும் முதுகு, அதுலயும் தலைத்துணி. இப்போ லூவ்ர்ல இருக்கு. மேன் ரே கிகியை அதே மாதிரி உட்கார வச்சு எடுத்து, அச்சுப் பிரதியில வயலின் துளைகளைச் சேர்த்தார். அந்த வருஷம் ஜூன்ல, பிரெத்தோன் நடத்தின 'லித்தெராத்யூர்' பத்திரிகையில வெளியாச்சு.

படத்தோட தலைப்பு 'ஆங்க்ரோட வயலின்'. இதுல ஒரு சிலேடை இருக்கு. ஆங்க்ருக்கு வயலின் வாசிக்கறது ரொம்பப் பிடிக்கும். அதனால பிரெஞ்சுல 'ஆங்க்ரோட வயலின்'னா 'பொழுதுபோக்கு'ன்னு அர்த்தம். மெயின் வேலை ஓவியம், வயலின் சும்மா ஆசைக்கு. அப்படின்னா மேன் ரேவோட பொழுதுபோக்கு எது? படத்துல உட்கார்ந்திருக்கறவங்க.

படம் அட்டகாசமான படம். அதுல சந்தேகமே இல்ல. துளைகளைச் சேர்க்கணும்ங்கற ஐடியா அவரோடது, அந்த ஐடியா இல்லைன்னா அது ஆயிரத்துல ஒரு நிர்வாணப் படம். ஆனா அந்தச் சிலேடை சொல்ற விஷயத்தையும் கவனிக்கணும். கை இல்லாத ஒரு உடம்பு, வேற ஒருத்தர் வாசிக்கக் காத்திருக்கற ஒரு கருவி. நிஜத்துல அந்தப் பொண்ணு, கையை எடுத்து ஓவியம் வரையற, பாட்டுப் பாடற, தேவைப்பட்டா போலீஸ்காரரை அறையற பொண்ணு.

அந்தக் கை என்னென்ன பண்ணுச்சு

போலீஸ்காரரை அறைஞ்ச கதையை முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா கமெண்ட்ல கேப்பீங்க. 1925ல தெற்கு பிரான்ஸ்ல வில்ஃப்ரான்ஷ்ங்கற துறைமுக ஊருக்குப் போயிருந்தாங்க. அங்க ஒரு பார்ல உரிமையாளர் அவங்களைப் பாலியல் தொழிலாளின்னு சொல்லி வெளிய போகச் சொன்னார். கிகி கையில கிடைச்சதைத் தூக்கி அடிச்சாங்க. போலீஸ் வந்துச்சு, போலீஸுக்கும் அடி. நேரா ஜெயில். மேன் ரே வக்கீல் வச்சு, இவங்களுக்கு நரம்புக் கோளாறுன்னு டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்து வெளிய கொண்டு வந்தார். மறுபடியும் அதே பழைய தொப்பிப் பிரச்சனைதான். சரியான ஆடை, சரியான துணை இல்லாத பொண்ணுன்னா அவ யாருன்னு ஊரே முடிவு பண்ணிடும்.

இப்ப வேலைக்கு வருவோம்.

சினிமா: 1924ல ஃபெர்னான் லெஜேவும் டட்லி மர்ஃபியும் எடுத்த 'பாலே மெக்கானிக்' படத்துல, இயந்திரங்களுக்கு நடுவுல திரும்பத் திரும்ப வர்ற பொண்ணு முகம் கிகியோடது. மேன் ரேவோட சோதனைப் படங்கள்லயும் நடிச்சாங்க. 1926ல வந்த 'எமாக் பாக்கியா'வுல அவங்க கண்ணை மூடியிருப்பாங்க. ஆனா மூடின இமை மேல வரைஞ்ச கண்கள் நம்மையே பார்க்கும். அப்புறம் மெதுவா நிஜக் கண் திறக்கும். யூடியூப் காலத்து மேக்கப் தந்திரங்களுக்கு 90 வருஷம் முன்னாடி.

பாட்டு: 1923ல மோன்பார்னாஸ்ல ஜாக்கின்னு ஒரு நைட் கிளப் திறந்தாங்க. கிகி அங்க ஆபாசம் கலந்த பழைய பாட்டுகளை முகத்துல ஒரு சலனமும் இல்லாம பாடுவாங்க. கூட்டம் அதுக்காகவே வந்துச்சு. பாட்டு முடிஞ்சதும் தொப்பியை நீட்டி காசு வசூலிப்பாங்க. தொப்பி இல்லைன்னு துரத்தப்பட்ட பொண்ணு, தொப்பியை வச்சே சம்பாதிச்சாங்க.

ஓவியம்: இதைத்தான் பெரும்பாலும் விட்டுடறாங்க. 1927 மார்ச்ல பாரிஸ்ல 'சாக்ர் து பிரான்தோம்'ங்கற கேலரியில கிகியோட தனிக் கண்காட்சி நடந்துச்சு. கவிஞர் ரோபெர் தெஸ்னோஸ் கேட்டலாக்குக்கு முன்னுரை எழுதினார். கிட்டத்தட்ட எல்லாப் படமும் வித்துடுச்சு. பர்கண்டி கிராமம், சர்க்கஸ், கடலோடிகள், குழந்தைப் பருவ நினைவுகள்னு தட்டையான நிறங்கள்ல, யாரும் சொல்லிக் கொடுக்காத கை வரைஞ்ச படங்கள். சோவியத் இயக்குநர் ஐசென்ஸ்டைன் 1929ல பாரிஸ் வந்தப்போ அவரோட உருவப்படத்தையும் கிகி வரைஞ்சாங்க. 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' எடுத்தவர் அவங்களுக்கு அசையாம உட்கார்ந்தார்.

எழுத்து: 1929ல, முப்பது வயசு கூட ஆகல, நினைவுக்குறிப்பு வெளியிட்டாங்க. அப்போ அவங்களோட இருந்த பத்திரிகையாளர் ஆன்றி ப்ரோக்கா பதிப்பிச்சார். அடுத்த வருஷம் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதுக்கு முன்னுரை எழுதினவர் எர்னஸ்ட் ஹெமிங்வே. முன்னுரையிலயே, இதை மொழிபெயர்ப்புல படிக்காதீங்க, பிரெஞ்சுலயே படிங்கன்னு சொல்லிட்டார். பாவம் மொழிபெயர்ப்பாளர். அமெரிக்கச் சுங்கத்துறை அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் பண்ணுச்சு. அங்க பல பத்தாண்டுகளுக்கு அது தடை செய்யப்பட்ட புத்தகமாவே இருந்துச்சு.

அதே 1929ல அவங்களை 'மோன்பார்னாஸின் ராணி'ன்னு தேர்ந்தெடுத்தாங்க. மாடல், நடிகை, பாடகி, ஓவியர், எழுத்தாளர். இத்தனையையும் ஒரு ஆண் பண்ணியிருந்தா அவரை என்னன்னு சொல்லுவோம்? 'பன்முகக் கலைஞர்'னு சொல்லுவோம்.

விளக்கு அணைஞ்ச பிறகு

1929 ஒரு திருப்புமுனை. மேன் ரேவோட உறவு முடிஞ்சது. லீ மில்லர்ங்கற அமெரிக்கப் பெண் அவர் ஸ்டூடியோவுக்கு வந்தாங்க. அவங்களையும் இன்னைக்கு வரைக்கும் பல பேர் 'மேன் ரேவோட மியூஸ்'னுதான் சொல்றாங்க. ஆனா லீ மில்லர் கேமராவைத் தானே கையில எடுத்தாங்க. இரண்டாம் உலகப்போர்ல 'வோக்' பத்திரிகைக்குப் போர்க்களப் படங்கள் எடுத்தாங்க, நாஜி வதைமுகாம் டாக்காவுக்குள்ள போய் பதிவு பண்ணாங்க.

ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் திறமை மட்டும் இல்ல. லீ மில்லர் வசதியான வீட்டுப் பொண்ணு. அப்பா ஒரு இன்ஜினியர், கேமரா வீட்டுலயே இருந்துச்சு. படிப்பு, மொழி, திரும்பிப் போக ஒரு வீடு எல்லாம் இருந்துச்சு. கிகிக்கு இதுல எதுவும் இல்ல. 'அவங்களே கலைஞரா மாறியிருக்கலாமே'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி இதை நினைச்சுப் பார்க்கணும்.

பொருளாதார வீழ்ச்சியில அமெரிக்கர்கள் ஊருக்குக் கிளம்பினாங்க. மோன்பார்னாஸ் காலியாச்சு. முப்பதுகள்ல கிகி கேபரேக்கள்ல பாடினாங்க, கொஞ்ச நாள் தன் பேர்லயே ஒரு இடம் நடத்தினாங்க. போதைப் பழக்கமும் குடியும் உடம்பை அரிச்சது. பிறகு போர் வந்தது, ஜெர்மன் படை பாரிஸுக்குள்ள வந்தது. போருக்கு அப்புறம் திரும்பி வந்தப்போ அந்த உலகமே இல்ல. 1953ல, 51 வயசுல, பாரிஸ்ல இறந்து போனாங்க. அப்போ கையில காசு இல்ல.

சரி, காசு யாருக்கு?

இப்ப அந்த 1 கோடியே 24 லட்சம் டாலருக்குத் திரும்புவோம்.

பிரான்ஸ்ல 1920லயே ஒரு நல்ல சட்டம் வந்துச்சு. ஓவியமோ சிற்பமோ ஏலத்துல மறுபடி விக்கறப்போ, அதோட விலையில ஒரு சின்ன பங்கு கலைஞருக்கோ வாரிசுக்கோ போகணும். வறுமையில செத்த ஓவியர்களோட படங்கள் பின்னாடி கோடிகள்ல விக்கறதைப் பார்த்துக் கொண்டு வந்த சட்டம். கிகி பாரிஸ்ல மாடலா நின்னுக்கிட்டிருந்த அதே காலம்.

அந்தச் சட்டத்துல 'கலைஞர்'னா கையெழுத்துப் போட்டவர். எதிர்ல உட்கார்ந்தவருக்கு அன்னைய மணிக்கூலி, அதோட கணக்கு முடிஞ்சது. அமெரிக்காவுல தேசிய அளவுல அந்த உரிமைகூடக் கிடையாது. அதனால நியூயார்க்ல வயலின் படம் வித்தப்போ வந்த பணம், பல வருஷமா அதைச் சேகரிப்புல வச்சிருந்த குடும்பத்துக்கும் ஏல நிறுவனத்துக்கும்தான்.

அப்ப மாடலுக்கும் பங்கு கொடுக்கணுமா? இது சுலபமான கேள்வி இல்ல. படத்துல இருக்கற எல்லாருக்கும் காப்புரிமைன்னா தெருவுல ஒரு போட்டோகூட எடுக்க முடியாது. மணிக்கூலிக்கு ஒத்துக்கிட்டு வந்த வேலைன்னு ஒருத்தர் வாதாடலாம், அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா காசு வேற, பேரு வேற. பேரைச் சொல்றதுக்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்ல.

இன்னொரு வாதமும் வரும். 'கிகியோட ஓவியங்கள் அவ்வளவு பெரிய சாதனையா? மேன் ரே அளவுக்கு வருமா?' என் பார்வையில, வராது. அவங்க படங்கள்ல உயிர் இருக்கு, சிரிப்பு இருக்கு, ஆனா ஓவியத்தோட திசையை அது மாத்தல. ஆனா இந்தக் கேள்வியிலயே ஒரு பொறி இருக்கு. ஒரு மாடலுக்கு மரியாதை கொடுக்கணும்னா அவங்க ரகசியமா ஒரு பெரிய மேதையா இருந்திருக்கணும்னு அது எதிர்பார்க்குது. அப்படி இல்லைன்னா மறுபடியும் 'மியூஸ்' பெட்டிக்குள்ள போட்டு மூடிடும்.

கிகியோட பெரிய படைப்பு எதுன்னு கேட்டா, அந்தத் தோற்றம்தான்னு நான் சொல்லுவேன். அந்த நிமிர்ந்த கழுத்து, அந்தச் சலனமில்லாத முகம், எவ்வளவு ஆபாசமான வரியையும் அசராம பாடற அந்தத் தைரியம். பத்துப் பதினைஞ்சு கலைஞர்கள், வேற வேற நாடு, வேற வேற பாணி. ஆனா அவங்க படங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எல்லாத்துலயும் ஒரே ஆளு தெரியறாங்க. ஃபூஜிதாவோட மெல்லிய கோட்டுலயும் கிகி, கால்டரோட கம்பியிலயும் கிகி. அத்தனை பேரும் ஒண்ணு கூடிப் பேசி வச்சு அப்படிப் பண்ணியிருக்க முடியாது. அந்த ஒற்றுமை எதிர்ல உட்கார்ந்தவங்க கொண்டு வந்தது.

இது பழைய பாரிஸ் கதை மட்டும் இல்லைன்னு உங்களுக்கே தோணியிருக்கும். கேட்டுக்கிட்டிருக்கற உங்கள்ல பல பேர் ரீல்ஸ் எடுக்கறீங்க, ஷூட் பண்றீங்க, ஃப்ரெண்டை மாடலா நிக்க வைக்கறீங்க. போஸ்ட் போடறப்போ ஃபோட்டோகிராஃபர் பேரு கண்டிப்பா வரும். நின்னவங்க பேரு? 'இன்ஸ்பிரேஷன்'னு ஒரு ஹார்ட் எமோஜியோட முடிச்சுடறோமா? அந்த ஐடியாவுல பாதி அவங்க சொன்னதா இருந்தாக்கூடவா?

கடைசியா ஒண்ணு. கிகியை பாரிஸுக்கு வெளியே தியேங்கற இடத்துல இருக்கற கல்லறைத் தோட்டத்துல புதைச்சாங்க. அவங்க கல்லறையில பேருக்கும் வருஷத்துக்கும் கீழ அவங்க யாருங்கறதையும் எழுதியிருந்தாங்க: பாடகி, நடிகை, ஓவியர், மோன்பார்னாஸின் ராணி. 'மாடல்'னு இல்ல. 'மியூஸ்'ங்கற வார்த்தையும் இல்ல.

அடுத்த தடவை அந்த வயலின் படம் உங்க ஃபீட்ல வந்தா, ஒரு நிமிஷம் நின்னு முகம் திரும்பியிருக்கற அந்தப் பக்கத்தைப் பாருங்க. அவங்க பேரு ஆலிஸ் ப்ரின். யாருக்காவது அனுப்பறப்போ அந்தப் பேரையும் சேர்த்து அனுப்புங்க.